புகை மணக்கும் தேயிலை

கடிதம்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு டப்பா தேயிலை கொடுத்தார். மேலே லாப்சாங் சூசோங் என்று போட்டிருந்தது. திறந்தால் கருவாட்டு வாடையா விறகடுப்பு வாடையா என்று சொல்லமுடியாத ஒரு வாடை. கெட்டுப்போயிற்று என்று ஓரமாக வைத்துவிட்டேன். அவர் கேட்டுவிடுவாரே என்று ஒருநாள் பால் ஊற்றாமல் போட்டுக் குடித்தேன். நம்பமாட்டீர்கள், இப்போது சாயங்காலமானால் அதைத்தான் தேடுகிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இது எசன்ஸ் கலந்ததா? பால் ஊற்றலாமா? தினமும் குடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல சரக்காக இருந்தால் எசன்ஸ் கிடையாது, விறகுப் புகைதான். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் வூயி மலையில் டோங்மு என்ற ஊர்ப்பக்கம் பிறந்த தேயிலை இது. பறித்த இலையைப் பைன் விறகுச் சூட்டில் வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, கடைசியில் மறுபடியும் பைன் புகையிலேயே காயவைப்பார்கள். அதற்கென்றே மரத்தில் அடுக்கடுக்காகக் கட்டிய கட்டடம், கீழே தீ, மேல்தட்டுகளில் மூங்கில் பாய் விரித்து இலை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் கருப்பட்டியைப் போட்டுவைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான்.

கருப்பட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இந்த டீ பிடித்துப்போனதில் எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. உடன்குடிப் பக்கம் காய்ந்த பனையோலையையும் மட்டையையும் எரித்துத்தான் பதநீரைக் காய்ச்சுவார்கள். அது பாகுப் பதத்துக்கு வரும்வரை புகை அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அப்புறம் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அதில் போட்ட காப்பியைக் குடித்து வளர்ந்த நாக்குக்குப் புகை புதிதா என்ன? காய்ச்சுகிற பாலில் புகை பிடித்துவிட்டால் முகம் சுளிக்கிற நாமே கருப்பட்டியில் அதே புகையை மணம் என்று சொல்கிறோம். டப்பாவைத் திறந்தபோது மிரண்டது உங்கள் மூக்கு மட்டும்தான்.

பால் ஊற்றாதீர்கள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அமுக்கிவிடும். நம் டீக்கடை டஸ்ட் அதற்கென்றே அரைத்துச் சுருட்டிய தூள், கொதிக்கக் கொதிக்கச் சாறு இறங்கி, பாலையும் சீனியையும் தாங்கி நிற்கும். இது முழு இலை. கொதித்த தண்ணீரை இறக்கி, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டு, மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கஷாயம்தான். இனிப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் பனங்கற்கண்டு போடலாம், வெள்ளைச் சீனி எனக்குப் பிடிக்கவில்லை.

வாசனை டீ என்று கடையில் விற்கிற சாக்லேட், ஸ்ட்ராபெரி வகையறாக்களில் முக்கால்வாசி, சுமாரான இலைமேல் வாசனையைத் தெளித்தது. டப்பாவைத் திறக்கும்போது ஊரே மணக்கும், வாயில் வைத்தால் ஒன்றுமிருக்காது. தெளித்ததெல்லாம் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது, ஏர்ல் கிரே டீயில் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள், நல்ல இலையில் சேர்த்தால் அருமையாக இருக்கும். உங்கள் டீயிலும் போலி உண்டு, புகைமணத்தைத் திரவமாகத் தெளித்து விற்பார்கள். அசலில் புகைக்கு அடியில் ஒரு இனிப்பு ஓடும்.

இன்னொன்று, தண்ணீர். உங்கள் ஊரில் தாமிரபரணித் தண்ணீர், உப்பு குறைவு, அதனால் இலையின் மணம் அப்படியே இறங்கியிருக்கும். இதே டப்பாவை ராதாபுரம் பக்கத்து போர்த் தண்ணீரில் போட்டிருந்தால் மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டி, சுவையும் மழுங்கிப்போய், நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் தேயிலைக்கு அதுதான் கதி.

தினமும் குடிக்கலாமா என்றால், புகையில் காய்ந்த பொருள் என்பதை மறக்காதீர்கள். கருவாட்டை எப்படி அளவோடு வைத்துக்கொள்கிறோமோ அப்படித்தான் இதையும். விறகுப் புகையோடு வரும், உடம்புக்கு ஆகாது என்று சந்தேகிக்கப்படும் ஆந்த்ராகுவினோன் என்ற ஒரு பொருள் தேயிலையில் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது, புகையிட்ட தேயிலை அதில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். வாரத்தில் சில நாள் சாயங்காலம் ஒரு டம்ளர் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். ராத்திரி வேண்டாம், தூக்கம் போய்விடும்.

டப்பாவை இறுக மூடித் தனியாக வையுங்கள். பக்கத்தில் காப்பித்தூள் இருந்தால் அதிலும் புகை ஏறிவிடும், அப்புறம் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். தொட்டுக்கொள்ள அல்வா வேண்டாம், நெய் நாக்கில் ஒட்டிக்கொண்டு டீயை அண்டவே விடாது. காரச்சேவு வைத்துப் பாருங்கள்.

அன்புடன்.