பத்திரத்தில் போட்ட கையெழுத்தும் வாங்காத சம்பளமும்

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வீட்டு வேலைக்கு வந்து, 14 மாதச் சம்பளம் கைக்கு வராமல், பாஸ்போர்ட்டையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வெளியேறியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் நீங்களே பணம் கேட்க வழியுண்டா, சென்னையில் ஏஜென்ட் வாங்கிய 20 ரூபாய்ப் பத்திரக் கையெழுத்து குறுக்கே நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். இங்கே 22 ஆண்டுகளாக வாழ்பவன், இருவருக்கு மொழிபெயர்க்க வழக்கறிஞர் அலுவலகம் வரை போனவன்.

வழியுண்டு. கட்டாய உழைப்பு என்று சொல்ல, பூட்டிய அறையில் அடைத்து வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. "வெளியே போனால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன், ஊரில் உன் தம்பி மேல் வழக்குப் போடுவேன்" என்று மிரட்டி வேலை வாங்குவதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் (நாடு முழுவதற்குமான சட்டம்) கட்டாய உழைப்பாகவே பார்க்கிறது. அதற்காகப் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது தனிக் குற்றம். 2000-இல் இயற்றிய ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தில் 2003-இல் சேர்த்த பிரிவின்படி, அரசு குற்ற வழக்குத் தொடுக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரே உரிமையியல் (சிவில்) வழக்குத் தொடுத்து இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் கோரலாம். அதற்குக் காலக்கெடு 10 ஆண்டுகள். குற்ற வழக்கு நடந்தால், அது முடியும் வரை உங்கள் வழக்கு நிறுத்தி வைக்கப்படும், அது தோல்வியன்று.

பத்திரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எந்தத் தாளில் எழுதி வாங்கினாலும் இங்கே செல்லாது. அந்தப் பத்திரத்தைக் காட்டி மிரட்டியிருந்தால் அது உங்களுக்கே சான்றாகும். வெறும் சம்பளப் பாக்கிக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் 2 ஆண்டுகளும், வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் 3 ஆண்டுகளும், நியூ ஜெர்சி சட்டத்தில் 6 ஆண்டுகளும் அவகாசம் உண்டு.

எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கத்ரினா புயலுக்குப் பின் இந்தியாவிலிருந்து வெல்டர்களையும் பைப்ஃபிட்டர்களையும் அழைத்து வந்த சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம், ஐந்து தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டாலர் தர வேண்டும் என்று 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) சொன்னது. அவ்வாண்டு ஜூலையிலேயே நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. பிறகு 2 கோடி டாலர் சமரசத்தில்தான் தொழிலாளர்களின் வழக்குகள் முடிந்தன.

வழக்குத் தொடுத்ததால் மட்டும் இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. அதற்கு, ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கான டி (T) விசா தனியே இருக்கிறது. கிடைத்தால் கணவரையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மனுவில் நீங்கள் எழுதித் தருவதை எதிர்த் தரப்பு உரிமையியல் வழக்கில் கேட்டு வாங்க முயலக்கூடும் என்பதால், தேதியோ தொகையோ ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றுமாக இருக்கக் கூடாது. எனவே எங்கும் கையெழுத்திடும் முன், குடிவரவும் ஆள்கடத்தலும் இரண்டும் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். 1-888-373-7888 என்ற தேசிய உதவி எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பேசலாம். இலவச வழக்கறிஞரிடம் வழிகாட்டுவார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஊர் மானம் போய்விடும், ஐந்தாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு விடு" என்று சங்கத்துப் பெரியவர்கள் யாராவது வருவார்கள். ஒரு நவராத்திரியில் கொலு பார்க்கப் போன வீட்டில், சமையலறையை விட்டு வெளியே வராத ஒரு பெண்ணைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் சுண்டலை வாங்கிக்கொண்டு திரும்பியவன் நான். ஆகவே அவர்களின் சமாதானப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள்.

சென்னை ஏஜென்டின் மீது வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் உங்கள் தம்பி தனியே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் அவர் பணம் கட்டிய வங்கிச் சீட்டு, ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பத்திரத்தின் நகல் மூன்றையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் இன்றிரவே ஒரு நோட்டில், எந்த மாதம் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது படுத்தீர்கள் என்பதை நினைவிருக்கும்வரை தமிழிலேயே எழுதத் தொடங்குங்கள்.