பள்ளி மாணவர்கள் சேர்ந்து வெளியில் எதையாவது கட்டுவது எதற்காக?

வகுப்பறைக்கு வெளியே, பள்ளி வளாகத்திலேயே, மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து நிஜமாகவே பயன்படும் ஒன்றைச் செய்வதுதான் இது. பெஞ்ச், நிழற்பந்தல், பலகை அடித்த செடிப்பாத்தி, எதுவாகவும் இருக்கலாம்.

பாத்தியையே எடுத்துக்கொள்வோம். நான்கு பலகைகளை இணைத்தால் சட்டம் வந்துவிடும்; மூலை நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். வராவிட்டால் கோணல். பித்தகோரஸ் தேற்றம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் டேப்பின் நுனியை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அளவு பார்க்க, மூன்றாமவர் பலகையை நகர்த்த வேண்டும். ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்று ஆசிரியர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வேலையே பேச வைத்துவிடும். கட்டிலை மாடிப்படியில் இறக்குவது போலத்தான்: முன்னால் இருப்பவருக்குத் தெரிவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, வாய் திறந்து சொல்லியே ஆகவேண்டும்.

கைவேலை என்றாலே படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; கணக்கில் புலியாக இருந்தாலும் டேப்பைத் தொய்வாகப் பிடித்தால் அளவு தப்பிவிடும்.