கேரேஜ் விளக்குக்கு மோஷன் சென்சார்: எங்கே மாட்டுவது, எப்படி இணைப்பது?

கேள்வி: எங்கள் வீட்டு கேரேஜில் இரண்டு எல்.இ.டி. ட்யூப் லைட்டுகள் இருக்கின்றன. சுவிட்ச் இருப்பது வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில். இரவில் ஷட்டரைத் திறந்து காரை உள்ளே விட்டால், இருட்டில் தடவிக்கொண்டே சுவிட்ச் வரை போக வேண்டியிருக்கிறது. மோஷன் சென்சார் வைத்தால் சரியாகுமா? எந்த வகை வாங்கலாம்? விடுமுறை நாட்களில் அங்கேயே கொஞ்சம் மர வேலையும் செய்வேன்.

பதில்: சரியாகும். ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. ஓர் இரவு கேரேஜில் நின்று, காரிலிருந்து எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், அங்கிருந்து வீட்டுக் கதவுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று நடந்து பாருங்கள். "சென்சார் சரியாக வேலை செய்யவில்லை" என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் சென்சார் நன்றாகவே இருக்கும். மாட்டிய இடம்தான் தப்பாக இருக்கும்.

சாதாரணமாகக் கிடைக்கும் சென்சார் பி.ஐ.ஆர். வகை. அது தானாக எதையும் வெளியே அனுப்புவதில்லை. நம் உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பத்தை, வாங்கிப் பார்க்கிறது. அதன் முகப்பில் இருக்கும் பால் நிற பிளாஸ்டிக் மூடி பல குட்டி லென்சுகள் சேர்ந்தது. எதிரே உள்ள இடத்தை அது விசிறி மடிப்பு போலப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. நீங்கள் ஒரு பட்டையைக் கடந்து அடுத்ததற்குள் போகும்போது வெப்பம் ஏறி இறங்குகிறது. அந்த மாற்றத்தைக் கண்டுதான் விளக்கு எரிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சென்சாருக்குக் குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவர் ஒரே பட்டைக்குள் வெகுநேரம் இருப்பதால் தாமதமாகத்தான் பிடிக்கும். அசையாமல் நின்றால் அதற்கு நீங்கள் இல்லாத மாதிரிதான். கண்ணாடி இந்த வெப்பக் கதிரை விடாது. ஆகவே கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். கடும் வெயில் காலத்தில் கேரேஜின் சூடு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், தூரத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் திறனும் குறையும்.

அப்படியானால் எங்கே மாட்டுவது? பலரும் ஷட்டருக்கு நேர் எதிரே, உள்சுவரில் மாட்டுகிறார்கள். அது மோசமான இடம் என்பேன். கார் நேராக அதை நோக்கி வருகிறது, ஹெட்லைட் வெளிச்சம் அதன் மேலேயே விழுகிறது, ஷட்டர் திறந்திருக்கும்போது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் விளக்கு எரிகிறது. உங்களுக்கு நான் சொல்வது, ஷட்டர் பக்கத்து மூலை. அதுவும் ஓட்டுநர் இறங்கும் பக்கத்துப் பக்கச்சுவர். தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், வீட்டுக் கதவை நோக்கிக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். தெரு அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கார் உள்ளே நுழையும்போதும், நீங்கள் கதவைத் திறந்து இறங்கும்போதும் அதன் பார்வைக்குக் குறுக்கே வருவீர்கள்.

உங்கள் கார் உயரமானதா என்று சொல்லவில்லை. உயரமான வண்டி நடுவில் நின்றால் அதற்கு அப்பால் இருப்பது எதுவும் சென்சாருக்குத் தெரியாது. வீட்டுக் கதவு வண்டிக்குப் பின்னால் மறைகிறது என்றால் அந்தக் கதவுக்கு மேலே இன்னொரு சென்சார் தேவைப்படும். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே சர்க்யூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிற வரையில். சந்தேகமாக இருந்தால் நான் செய்வதைச் செய்யுங்கள்: பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சென்சார் விளக்கை நினைத்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு இரவு புழங்கிப் பாருங்கள். சுவரில் துளை போடுவதற்கு முன்பே இடம் சரியா என்று தெரிந்துவிடும்.

ரேடார் அல்லது மைக்ரோவேவ் என்று விற்கும் சென்சார் வேறு ரகம். அது 5.8 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. நன்றாக உணரும். ஆனால் அந்த அலை மரக் கதவையும் மெல்லிய சுவரையும் ஊடுருவும். சுவருக்கு அப்பால் ஒருவர் நடந்தாலே விளக்கு எரியும். உங்கள் தேவைக்கு பி.ஐ.ஆர். போதும்.

சென்சாரோடு சேர்ந்தே வரும் பல்பும் கிடைக்கிறது. ஹோல்டரில் திருகினால் வேலை முடிந்தது. நீங்கள் வைத்திருப்பது ட்யூப் லைட் என்பதால் அது பொருந்தாது.

வாங்கும்போது மூன்று ஒயர் வைத்ததாகக் கேளுங்கள்: பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் ஒயர்), விளக்குக்குப் போகும் வெளியீடு. இரண்டு ஒயர் மட்டுமே உள்ளது தனக்குத் தேவையான மின்சாரத்தை விளக்கு வழியாகவே இழுத்துக்கொள்ளும். எல்.இ.டி. விளக்கு அதனால் அணைந்த பிறகும் மங்கலாக எரியலாம், மினுக்கலாம். அடுத்து, லேபிளில் எத்தனை வாட் என்று பாருங்கள். பழைய குண்டு பல்புக்கு ஓர் எண்ணும் எல்.இ.டி.க்கு அதைவிடக் குறைந்த எண்ணும் போட்டிருப்பார்கள். எல்.இ.டி. போட்ட நொடியில் மின்சாரத்தைக் குபீரென்று இழுக்கும். சென்சாருக்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே போவது அதனால்தான். குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஷட்டர் வழியாக மழைச்சாரல் அடிக்கும் என்றால் ஐ.பி. 44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறியீடு) அல்லது அதற்கு மேல் குறித்தது வாங்குங்கள்.

இப்போது இணைப்பு. மிகச் சுலபமான வழி, இருக்கிற சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில் சென்சாரை வைப்பது. ஆனால் யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால் சென்சாரும் செத்துவிடும். திரும்பப் போட்டால் நிதானத்துக்கு வர அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

அதைவிட, உங்களுக்கு மர வேலை இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. ரம்பத்தில் பலகையைத் தள்ளும்போது கை மட்டும்தான் அசைகிறது, அதுவும் கார் மறைவில். சென்சார் நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்து விளக்கை அணைக்கும்; ரம்பம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சென்சாரைத் தாண்டி விளக்கை நேராகப் போடும் வழி கட்டாயம் வேண்டும்.

அதற்கு, சுவிட்ச் போர்டிலிருந்து அணையாத பேஸ் ஒயர் ஒன்றைக் கூடுதலாகக் குழாய் வழியே இழுத்துச் சென்சாருக்குக் கொடுக்க வேண்டும். விளக்குப் பாயிண்டில் இருக்கும் நியூட்ரலையும் அதற்குக் கொடுக்க வேண்டும். சென்சாரின் வெளியீட்டையும் பழைய சுவிட்சிலிருந்து வரும் ஒயரையும் விளக்கில் ஒன்று சேர்க்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தால் சென்சார் பார்த்துக்கொள்ளும், போட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரிலே வைத்த சென்சார் இதைத் தாங்கும். எலக்ட்ரானிக் சுவிட்ச் உள்ள சிலவற்றில் இப்படி இணைக்கக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று வேறு சர்க்யூட்டின் பிளக்கிலிருந்து பேஸ் எடுக்காதீர்கள். ஒரு எம்.சி.பி.யை, அதாவது மெயின் போர்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை, அணைத்த பிறகும் இன்னொன்றிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும். பின்னால் பழுது பார்க்க ஏறுபவருக்கு அது உயிர் ஆபத்து.

இதை நீங்களே செய்யலாமா? ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேலே சொன்னதை அப்படியே கேளுங்கள். பழக்கம் இருந்தாலும் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் சோதித்த பிறகே ஒயரைத் தொடுங்கள். டெஸ்டரின் சின்ன விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். நிறம் நாட்டுக்கு நாடு வேறு, பழைய வீடுகளில் அந்த ஒழுங்கும் இருக்காது.

மாட்டி முடித்ததும் சென்சாரின் அடியில் பாருங்கள், திருகுகள் இருக்கும். நேரம் (விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்) என்பதை முதலில் குறைந்தபட்சத்தில் வையுங்கள். வெளிச்ச அளவைச் சூரியன் படம் இருக்கும் பக்கம் முழுக்கத் திருப்புங்கள். பகலிலும் இருட்டாக இருக்கும் கேரேஜுக்கு அதை அப்படியே விட்டுவிடலாம். அப்புறம் நடந்து பாருங்கள். ஷட்டரில் தொடங்கி, காரைச் சுற்றி, கதவு வரை. எங்கே விளக்கு எரியத் தாமதமாகிறதோ அந்தத் திசையில் சென்சாரின் தலையைக் கொஞ்சம் திருப்புங்கள். தெருப் பக்கம் இன்னும் பிடித்தால் லென்சின் அந்த ஓரத்தை மட்டும் ஒயர் டேப்பால் மூடிவிடலாம். பூனை போனாலும் எரிகிறது என்றால் லென்சின் கீழ்ப்பகுதியை ஒரு விரல் அகலம் மூடிப் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு நேரத்தை 4, 5 நிமிடத்துக்கு ஏற்றுங்கள். தூங்கிவிட்ட குழந்தையைக் காரிலிருந்து தூக்கி, பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போக அவ்வளவு நேரம் வேண்டும்.