கிறிஸ்-கிராஃப்ட் (அமெரிக்க மோட்டார் படகு நிறுவனம்) மரப்படகின் அடிப்பகுதி கசிகிறது, மேலே ஃபைபர் ஒட்டினால் போதுமா?

போதாது. மகோகனி பலகை நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விறைப்பான ஃபைபர் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் உரியும். உள்ளே சிக்கிய நீர் சட்டங்களை மக்கவைக்கும்.

கூரான ஊசியால் கீல் கட்டையை, அதாவது படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டையை, குத்துங்கள். நுனி சுலபமாக இறங்கினால் மக்கல்தான். நாலைந்து திருகுகளையும் கழற்றிப் பாருங்கள். பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது, கையால் ஒடித்தாலே ஒடியும். எல்லாவற்றையும் சிலிக்கான் வெண்கலத்துக்கு மாற்றுங்கள்.

பலகை கழற்றுமுன் கீல் நெடுக நூல் கட்டி நேர் பார்த்து, முட்டுக்கொடுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுவது: கீலின் வளைவோடு புதுப் பலகை இறுகினால், வேகமெடுக்கையில் படகின் மூக்கு குதிக்கும்.

அடிப்பலகையின் இரட்டை அடுக்குக்கு நடுவே பழைய கான்வாஸுக்குப் பதில் த்ரீஎம் 5200 என்ற ஒட்டுப்பசையைப் பூசலாம். முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள். வார்னிஷெல்லாம் அப்புறம்.