வெளிநாட்டில் ஊரடங்கு போட்டுவிட்டால்? மலையிலிருந்து வந்த சில கேள்விகள்

கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். 2022 கலவரத்தின்போது அங்கேதான் இருந்தேன் என்பதால் வெளிநாடு கிளம்புகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வாரம் வந்தவை இவை.

குன்னூரிலிருந்து ஒரு அக்கா: அப்பா அம்மாவை முக்திநாத் யாத்திரைக்கு அனுப்பப் பணம் கட்டிவிட்டோம். 2025இல் காத்மாண்டு எரிந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ரத்து செய்துவிடலாமா?

ரத்து வேண்டாம் அக்கா, ஆனால் டூர்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். அன்று நடந்ததைப் பாருங்கள்: செப்டம்பர் 8 அன்று போராட்டத்தில் சுடப்பட்டு 19 பேர் இறந்தார்கள், மறுநாளே பிரதமர் ஒலி பதவி விலகினார், நாடாளுமன்றம் எரிந்தது, விமான நிலையத்தை மூடினார்கள், ஹில்டன் ஹோட்டலும் எரிந்தது. பெரிய ஹோட்டல் என்றால் பத்திரம் என்று நாம் நினைப்பது அங்கே எடுபடவில்லை. அதனால் முதல் கேள்வி, தங்கும் இடம் நாடாளுமன்றம், தலைமைச் செயலகம் பக்கமா, தள்ளியா? இரண்டாவது, விமானம் இல்லை என்றால் எந்த ரோட்டில் கூட்டி வருவீர்கள்? பர்லியார் பக்கம் மண் சரிந்தால் நாம் யாரையும் கேட்காமல் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறோம். நேபாளத்திலும் போக்ராவிலிருந்து சுனௌலி எல்லை தாண்டி கோரக்பூர் வந்துவிடலாம், விசா தேவையில்லை. இதை அவர் யோசித்தே வைத்திருக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை பத்து நாளைக்குக் கூடுதலாக, பெட்டியில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அதன் ஜெராக்ஸ், ஹோட்டல் முகவரி எழுதிய சீட்டு எல்லாம் உடம்போடு இருக்க வேண்டும்.

கூடலூரிலிருந்து ஒருவர்: கண்டியில் சித்தப்பா மகள் கல்யாணம். தாத்தா காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் நாங்கள். திடீரென்று ஏதாவது ஆகி கண்ணீர்ப்புகை அடித்தால் முகத்தில் ஈரத்துணி போதுமா?

போதாது. 2022 மே 9 அன்று கொழும்பு கடற்கரையிலுள்ள காலி முகத்திடலில் போராடியவர்களை அரசு ஆதரவாளர்கள் அடித்தார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, அன்றே நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் சமையலறையில் பதுளைப் பையன் ஒருவன், என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனான். கால் மணி நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தான். கசக்கக் கசக்க எரிச்சல் ஏறியதே தவிர இறங்கவில்லை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணில் விழுந்த தண்ணீர் அடுத்த கண்ணுக்குப் போகாதபடி குடம் குடமாக ஊற்றினோம். டீ-சர்ட்டைத் தலை வழியாகக் கழற்றினால் அதிலிருக்கும் பொடி மறுபடி முகத்தில் அப்பும் என்பதால் கோழி வெட்டும் கத்தரியால் முன்பக்கம் கிழித்துத்தான் எடுத்தோம். அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

புகை கனமானது, கீழே தங்கும். பள்ளத்திலோ பேஸ்மென்ட்டிலோ ஒளியாதீர்கள், காற்று வரும் திசையைப் பார்த்து மேட்டுக்கு ஏறுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அந்த நாட்களில் கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும். கூட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நடக்க வேண்டாம், அது போகும் போக்கிலேயே சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள், கைகள் நெஞ்சுக்கு முன்னால் இருக்கட்டும். செருப்பு கழன்றால் போகட்டும், குனியாதீர்கள். இதெல்லாம் தெரிந்திருந்தால் போதும், கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போய்வாருங்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு தம்பி: துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சம்பளப் பிரச்சினைக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் நானும் போகலாமா?

போகாதே தம்பி, வீடியோ எடுத்து அனுப்பவும் கூடாது. 2024 ஜூலையில் அமீரகத்தில் தங்கள் நாட்டு அரசை எதிர்த்து ஊர்வலம் போன 57 பங்களாதேஷ்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள், அதில் மூன்று பேருக்கு ஆயுள். செப்டம்பரில் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் வேலை போய், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வராவிட்டால் நம் தூதரகத்தில் எழுதிக் கொடு, மதத் (MADAD) என்கிற இந்திய அரசு இணையதளத்திலும் புகார் போடலாம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: மகள் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறாள். ஏதாவது செய்தி வந்தால் உடனே டிக்கெட் போட்டுக் கூப்பிட்டுவிடவா?

உடனே வேண்டாம் அம்மா. 2024 மே மாதம் அங்கே ஒரு சண்டை வீடியோ பரவி, இரவில் கும்பல் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத் தேடி வந்தது. நம் தூதரகம் வெளியே வராதீர்கள் என்றுதான் சொன்னது. அந்த மாதிரி இரவில் விமான நிலையத்துக்குப் போகும் ரோடுதான் ஆபத்து. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அடங்கிய பிறகு, ரோடு திறந்த முதல் நாளே கிளம்பலாம். மூன்று நாளைக்குத் தண்ணீர், பிஸ்கட், கையில் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும். தூதரகத்தில் பெயர் பதிந்திருக்கிறாளா என்று இன்றே கேளுங்கள். நீங்கள் முப்பது தடவை அழைத்தால் அவள் போனில் சார்ஜ் தீரும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று நேரம் பேசி வைத்து ஒரு வரி எஸ்எம்எஸ் போதும். பங்களாதேஷில் 2024 ஜூலையில் செய்ததுபோல் இணையத்தை நிறுத்திவிட்டால் வாட்ஸ்அப் கிடைக்காது.

அதே அம்மா: அவள் எங்கே போகிறாள் வருகிறாள் என்று என்னிடம் சரியாகச் சொல்வதில்லையே?

வெளியே போனேன் என்று சொன்னால் திட்டாதீர்கள். பதுளைப் பையன் ரோட்டுக்குப் போனதை அவன் அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை, திட்டுவார்கள் என்று. இன்று இரவு அழைக்கும்போது விடுதிக்கு எத்தனை வாசல், பின்பக்கம் எந்தத் தெருவுக்குப் போகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.