ஒன்பது மாதச் சேமிப்பை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது, அதுவும் பழையதைவிடக் கால் பங்கு குறைந்த சம்பளத்தில். அந்த ஏழு மாதத்தில், இசை வகுப்பு, கணக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் கட்டணக் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் எழுதினேன். இன்று 40 பேர் மாதச் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதில் வருகிறது. இது தவிர ஒரு மொபைல் கேமும் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியும் (பிற நிரலாளர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) செய்து வைத்திருக்கிறேன். கையில் ஒன்பது மாதச் செலவுக்குச் சேமிப்பு உண்டு. வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா, இல்லை எல்லாவற்றையும் மூடிவிட்டு வேலையை மட்டும் பார்க்கட்டுமா?

பதில்: வேலை இல்லாத மாதங்களில் மனம் தளராமல் உட்கார்ந்து, 40 பேர் காசு கொடுத்து வாங்கும் ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள். அதை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது, கணக்கும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள்.

முதலில் அந்த ஐந்தில் ஒரு பங்கைப் பார்ப்போம். வீட்டுச் செலவை 100 என்று வைத்தால் சந்தாவாக வருவது 20. அதில் சர்வர் வாடகை, இணையவழிப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் பிடித்தம், குறுஞ்செய்தி அனுப்பும் செலவு, டொமைன் (இணைய முகவரி) புதுப்பிப்பு, வருமான வரி எல்லாம் போக எவ்வளவு நிற்கிறது? 14 நிற்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 86 மாதாமாதம் சேமிப்பிலிருந்து போகும். அப்படியானால் ஒன்பது மாதச் சேமிப்பு ஏறக்குறைய பத்தரை மாதம் வரும்.

இனிதான் முக்கியமான கழித்தல். சென்ற முறை வேலை தேட ஏழு மாதம் ஆனது. இந்த முறையும் அவ்வளவு ஆகும் என்றே திட்டமிட வேண்டும். பத்தரையில் ஏழு போனால் மூன்றரை. அதாவது ராஜினாமா செய்த நான்காவது மாதமே நீங்கள் பயோடேட்டாவைத் தூசி தட்ட வேண்டியிருக்கும். உங்கள் கையில் இருப்பது ஒன்பது மாதம் அல்ல, மூன்றரை மாதம். இந்தக் கழித்தலைச் செய்யாமல் வேலையை விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த ஏழு மாதத்தை உங்கள் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் ஆட்குறைப்பு அலையாக வருகிறது. 2022 நவம்பரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரைக் குறைத்தது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அப்படிப்பட்ட சமயத்தில் நல்ல அனுபவம் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடுவார்கள், காத்திருப்பு நீளும். அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் சம்பளமும் பக்கத் தொழிலும் இந்தத் துறையையே நம்பியிருக்கின்றன. சேமிப்பையும் நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பங்குகளிலோ தொழில்நுட்பப் பங்குகளிலோ குவிக்காதீர்கள்.

அப்புறம் அந்த 40 பேர். கடந்த ஓராண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று எழுதிப் பாருங்கள். மாதம் 5 சதவீதம் பேர் விலகினால், 100 பேரில் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 54 பேர்தான். அந்த ஓட்டையை அடைக்காமல் முழுநேரமாக இறங்கினால், உழைப்பில் பாதி, விலகிப் போனவர்களின் இடத்தை நிரப்பவே சரியாக இருக்கும். ஒரே வாடிக்கையாளர் வருமானத்தில் பெரும்பங்கு தருகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

வேலையை விட்டுத் துணிந்து இறங்கியதால்தான் மைன்கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற வீடியோ கேம் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 2009-இல் அதை வெளியிட்ட மார்கஸ் பெர்சன் வேறொரு வேலையில் இருந்தபடியே அதை வளர்த்தார். விற்பனை கைகொடுத்த பிறகே வேலையை விட்டார்.

சரி, எப்போது விடலாம்? செலவெல்லாம் போக நிற்கும் பணம் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவில் பாதி அளவுக்கு இருக்க வேண்டும். சேமிப்பு 15 மாத அளவுக்கு வர வேண்டும். அப்போது சேமிப்பு 30 மாதம் தாங்கும். வேலை தேட ஏழு மாதம் ஒதுக்கினாலும் தொழிலுக்கு 23 மாதம் கிடைக்கும். அதில் ஒரு தொழிலை வளர்த்துப் பார்க்க முடியும். அங்கே போய்ச் சேர, குடும்பம் இன்றைய குறைந்த சம்பளத்திலேயே ஓடட்டும். சம்பளம் உயர்ந்தாலும் செலவை உயர்த்தாதீர்கள். சந்தாப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதில் ஒரு காசைக்கூட வீட்டுக்கு எடுக்காதீர்கள்.

மொபைல் கேமை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. சிறிய நிரலாளர்களிடம்கூட ஆப்பிள், கூகுள் கடைகள் விற்பனையில் ஒரு பங்கை எடுக்கின்றன. அது போனாலும் பரவாயில்லை. உங்கள் வார இறுதிகளை அந்த கேம் தின்பதுதான் பெரிய நஷ்டம். லைப்ரரியில் பணம் எதிர்பார்க்க வேண்டாம். இணையத் தகவல்களைப் பாதுகாக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரிக்கே, 2014-இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிவந்த சமயத்தில், ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அடுத்த நேர்காணலில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த லைப்ரரிதான், அதனால் கைவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் எழுதும் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. வேலையில் சேரும் முன்பே உருவாக்கியவற்றைக் குறிப்பிட ஓர் இணைப்புப் பக்கமும் சிலவற்றில் இருக்கும். அதில் இந்த மென்பொருளைக் குறிப்பிட்டீர்களா? குறிப்பிடாமல் விட்டிருந்தால், வேலை இல்லாத மாதங்களில் அதை உருவாக்கினீர்கள் என்பதற்கு நிரலில் செய்த மாற்றங்களைத் தேதியோடு சேமிக்கும் கிட் (Git) பதிவுகளின் தேதிகள் ஆதாரமாக உதவும். அவற்றைப் பத்திரமாக நகல் எடுத்து வையுங்கள். ஆனால் சேர்ந்த பிறகு செய்த மாற்றங்கள் வேறு விஷயம். அவற்றை அலுவலக மடிக்கணினியில் செய்திருந்தால், நிறுவனத்திடம் வாய் திறக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.