வாசகர் கேள்வி – பதில்: சிவகளை நெல்லும் காயல்பட்டினத்து மழையும்

கேள்வி: சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்கு வயது 3,200 ஆண்டு என்று 2021-இல் சொன்னார்கள். 2025-இல் அதே ஊருக்கு 5,300 ஆண்டு என்கிறார்கள். அறிவியல் நாளுக்கொரு பேச்சுப் பேசினால் எதைத்தான் நம்புவது, ஐயா?
– வாசகர் ஒருவர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: தங்கள் கேள்வியில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கின்றன. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கி.மு. 1155 என்ற காலம், ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு உரியது. 2025 ஜனவரியில் வெளியான கி.மு. 3345 என்பது, இரும்புக் காலத்தைக் கணிக்க எடுத்த கரித்துண்டுக்கு உரியது. அளந்த பொருள் வேறு என்பதால், பின்னது முன்னதைப் பொய்யாக்கவில்லை.

ஆனால் அறிவியல் தன் கணக்கை மாற்றிக்கொண்டதே இல்லையா என்றால், மாற்றியிருக்கிறது. அதுவும் இந்தக் கரிமக் காலக்கணிப்பிலேயே மாற்றியிருக்கிறது. பயிரும் மரமும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமம்-14 என்னும் கதிரியக்கப் பொருளை வாங்கிக்கொண்டே இருக்கும். உயிர் போனபின் வரவு நின்றுவிடும். கையிருப்பு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும் என்று வில்லர்ட் லிப்பி 1949-இல் காட்டினார்; அதற்காக 1960-இல் நோபல் பரிசும் பெற்றார். காற்றில் கரிமம்-14 எக்காலத்திலும் ஒரே அளவில்தான் இருந்திருக்கும் என்பது அவர் வைத்துக்கொண்ட எடுகோள். எகிப்தின் மிகப் பழைய அரச மரபுக் காலத்துப் பொருள்கள், வரலாற்றுக் கணக்கைவிடச் சில நூறு ஆண்டுகள் இளையனவாக வந்து நின்றபோது அந்த எடுகோளின் மேல் ஐயம் விழுந்தது. வழக்கைத் தீர்த்தவை மரங்கள். கலிபோர்னிய மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் ஒருவகைப் பைன் மரத்தின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, வயது தெரிந்த வளையத்தின் கரிமத்தையும் அளந்து பார்த்தபோது, காற்றில் கரிமம்-14-இன் அளவு காலந்தோறும் ஏறியும் இறங்கியும் வந்திருப்பது புலப்பட்டது. லிப்பியின் முறையை யாரும் தூக்கி எறியவில்லை. பிழை எவ்வளவு என்பதை அளந்து கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று எந்தக் கரிமக் காலமும் அந்தத் திருத்த அட்டவணையின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அட்டவணையே கடைசியாக 2020-இல் புதுப்பிக்கப்பட்டது.

இனி எஞ்சியிருப்பதையும் சொல்ல வேண்டும். கரித்துண்டின் வயது மரம் வளர்ந்த காலத்தின் வயதே தவிர, அது எரிக்கப்பட்ட நாளின் வயது அன்று. பருத்த மரத்தின் வைரப்பகுதி வெட்டப்படும்போதே மிகப் பழையதாக இருக்கக்கூடும். கரியும் இரும்பும் ஒரே நாளில் தாழிக்குள் போயினவா என்பதும் தனிக்கேள்வி. அதனால்தான் மணற்பருக்கை கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை அளக்கும் வேறொரு முறையையும் துணைக்கு அழைக்கிறார்கள். அதற்கு மண் எடுப்பதே ஒரு கலை: குழியின் சுவரில் ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி, இருபுறமும் கறுப்பு உறையால் மூடிக்கட்டி, ஆய்வகத்தின் இருட்டறையில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். இடையில் சற்று நேரம் வெயில் பட்டுவிட்டால் மண் சேர்த்துவைத்திருந்த காலக்கணக்கு அழிந்துபோகும். கி.மு. 3345 என்பதை இன்றைக்கு மதிக்கத்தக்க அளவீடாகவும், வேறு தாழிகளாலும் வேறு ஊர்களாலும் இன்னும் உறுதிப்பட வேண்டியதாகவும் கொள்வதே முறை. மேடையில் பேசுவோர் இரண்டாம் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: 2023 ஆகஸ்டில் நிலவில் கலத்தை இறக்கினோம். அதே ஆண்டு டிசம்பரில் குறுக்குத்துறைக் கோயிலை ஆறு மூழ்கடித்தது. இவ்வளவு மழை வரும் என்று சொல்ல முடியவில்லையே, ஏன்?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி நகரம்

பதில்: சந்திரயான்-3-ஐச் சுமந்த ராக்கெட்டின் விகாஸ் எஞ்சின்கள் நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் சோதிக்கப்படும் வகையைச் சேர்ந்தவை என்பதால், தங்கள் கேள்வி இந்த மாவட்டத்துக்கே உரிய கேள்விதான். நிலவின் பாதையை முடிவு செய்வன சில விசைகள் மட்டுமே. தொடக்கத்தில் நேரும் சிறு பிழை நெடுநாள் சிறுபிழையாகவே இருக்கும். அடுத்த ஆண்டுக் கிரகணத்தைப் பஞ்சாங்கம் நாழிகை வினாடியோடு அச்சிட முடிவது அதனால்தான். மேகம் அப்படிப்பட்டதன்று. 1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் தம் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது தூரம் பழைய கணக்கோடு ஒட்டிச் சென்ற வானிலை, பிறகு அடையாளமே தெரியாதபடி விலகிவிட்டது. விதிகள் முழுவதும் தெரிந்திருந்தும் விளைவு கைக்கு எட்டாமல் போகும் என்று 1963-இல் அவர் எழுதியது அறியாமையின் ஒப்புதல் அன்று. எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிந்ததே ஒரு கண்டுபிடிப்பு. அன்றாட வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்று இன்று கருதப்படுகிறது.

டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று, பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. ஒரு பகுதிக்குக் கனமழை வரும் என்பதைச் சில நாள் முன்பே சொல்லலாம். அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு இடையே இத்தனை வேறுபாடு விழும் என்பதைச் சொல்ல, இன்னும் நெருக்கமான ரேடார்களும் மழைமானிகளும் நுணுக்கமான கணினி மாதிரிகளும் வேண்டும். இந்தக் குறையைப் பணமும் உழைப்பும் குறைக்கும். லாரன்ஸ் காட்டிய எல்லையை எதுவும் அகற்றாது.

கேள்வி: பிரபஞ்சத்தில் 95 விழுக்காடு என்னவென்றே தெரியாதாமே? பிறகு எதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: அந்த 95 என்ற எண்ணே அளந்து பெற்றதுதான்: ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் ஏறத்தாழ 27, பிரபஞ்ச விரிவை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் கரும் ஆற்றல் 68. விண்மீன் கூட்டங்கள் சுழலும் வேகத்துக்குக் கண்ணில் படும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை என்பதால் கரும்பொருளைக் கருத வேண்டியிருக்கிறது. இத்தகைய நெருக்கடி முன்பும் வந்ததுண்டு. யுரேனஸ் தடம் மாறியபோது, காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846-இல் அவர் சொன்ன இடத்தருகே நெப்டியூன் அகப்பட்டது. புதன் தடம் மாறியபோதும் அதே வழியில் ‘வல்கன்’ என்றொரு கோளைக் கருதினார். அது கடைசிவரை அகப்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதியபோது புதனின் கணக்கு நேரானது. கரும்பொருள் நெப்டியூனா, வல்கனா என்பதே இன்றைய கேள்வி. பெரும்பாலோர் நெப்டியூன் பக்கம் நிற்கிறார்கள். அதைப் பிடிக்க நிலத்தின் ஆழத்தில் வைத்த கருவிகளில் அனைவரும் ஒப்புக்கொள்ளும்படி எதுவும் இன்னும் சிக்கவில்லை.